தஞ்சாவூரில் வேலை, சம்பளம் அப்பா கையில்: தனியாக ரூம் எடுப்பது தப்பா?

குடமுருட்டி:
வயது 25. பாபநாசம் பக்கம் ஒரு கிராமம். தஞ்சாவூரில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன், கைக்கு 19,000 வருகிறது. மூன்று வருடமாக என் ஏடிஎம் கார்டு அப்பாவின் சட்டைப்பையில் இருக்கிறது. காலையில் பெட்ரோலுக்கும் டீக்கும் அவர் எண்ணித் தருவார்.

அலுவலக நண்பர்கள் இரண்டு பேர் மெடிக்கல் காலேஜ் ரோட்டில் வீடு பார்த்திருக்கிறார்கள். வாடகையில் என் பங்கு 2,500. சொன்னதும் அப்பா கேட்டது இதுதான்: "இருபத்தஞ்சு கிலோமீட்டர்ல சொந்த வீடு கிடக்கு, எவனுக்குடா வாடகை கொடுக்கப் போற?" அம்மா அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

வீட்டில் எனக்கென்று அறை கிடையாது. அப்பா டிவி பார்த்து முடித்த பிறகு கூடத்தில் பாய் விரிக்க வேண்டும். போன் பேச மதகுக்குப் போக வேண்டும். மதகில் பேசினால் ஊருக்கே தெரிந்துவிடும். யாரோடும் எனக்குச் சண்டை இல்லை. இது தப்பா?

கடைமடைக்காரன்:
தப்புதான் தம்பி, கோபப்படாமல் கேள். எனக்கு வயது 56, வேதாரண்யம் பக்கம். 2018 நவம்பர் 16 கஜா அடித்த ராத்திரியில் எங்கள் தோப்பில் நின்ற தென்னை முக்கால்வாசி விழுந்துவிட்டது. புதுக் கன்று வைத்தால் காய்க்க ஐந்தாறு வருடம். அத்தனை வருடமும் வீட்டில் அடுப்பு எரிந்தது என் மூத்தவன் சம்பளத்தில். அவனும் அன்றைக்கு ரூம் எடுத்துப் போயிருந்தால்?

உன் அப்பா கார்டை வைத்துக்கொண்டு ஊர் சுற்றவா போகிறார்? நடவுக் கூலி, டிராக்டர் வாடகை, உரம் எல்லாம் கையிலிருந்து போக வேண்டும். நெல் பணம் வருவது கடைசியில். 2024-ல் மேட்டூரை வழக்கமான ஜூன் 12-க்குப் பதில் ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். அந்த மாதிரி வருடத்தில் விவசாயி வீட்டுக்கு மாதம் தவறாமல் வருகிற ஒரே தண்ணீர் பிள்ளையின் சம்பளம்தான்.

சோழன்_பாசஞ்சர்:
ரூம் எடுப்பான் அண்ணே, அப்புறம் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மூட்டை அழுக்குத் துணியோடு வந்து இறங்குவான். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எலுமிச்சை ஊறுகாயும் புளிக்காய்ச்சலுமாகக் கிளம்புவான். எங்கள் வீட்டிலும் ஒருவன் இப்படித்தான் தனியாக வாழ்கிறான்.

குடமுருட்டி:
அண்ணே, நீங்கள் சொல்லும் செலவு எனக்கும் தெரியும். எங்களுக்கு ஆறு மா நிலம், கிட்டத்தட்ட இரண்டு ஏக்கர். போன மாசியில் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு நான்கு ராத்திரி காவல் படுத்தது நான்தான். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது என்று திருப்பினார்கள். காய வைத்தோம், மழை தூறியது, தார்ப்பாயை இழுத்து மூடினோம், மறுபடி காய வைத்தோம். அங்கிருந்து நேராக அலுவலகத்துக்குப் போய் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆனால் நகைக்கடன் எவ்வளவு நிற்கிறது, யாருக்கு என்ன பாக்கி என்று ஒரு நாளும் என்னிடம் சொன்னதில்லை. கேட்டால் "நீ உன் வேலையைப் பாரு". ஊர் பேர் தெரியாத கம்பெனியின் வரவு செலவைத் தினம் எட்டு மணி நேரம் நான் எழுதுகிறேன். என் வீட்டுக் கணக்கு எனக்குத் தெரியாது.

வெண்ணாறு_அக்கா:
இதுதான் விஷயம். ரூமை விடு தம்பி, கார்டைப் பேசு.

என் தங்கை இப்போது காலேஜ் இரண்டாம் வருடம். அரசுப் பள்ளியில் படித்தவள், புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கு வருகிறது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021-லிருந்து டிக்கெட் கிடையாது. அந்த ஆயிரத்தில் புத்தகம், ரீசார்ஜ் எல்லாம் அவளே பார்த்து, சீட்டும் கட்டுகிறாள். கார்டு அவள் பையில். 19,000 வாங்குகிற நீ டீக்குக் கை நீட்டுகிறாய்.

இன்னொன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். காலையில் உன் டிபன் பாக்ஸ் எத்தனை மணிக்குத் தயாராகிறது? சாயங்காலம் அதை யார் கழுவுகிறார்கள்?

குடமுருட்டி:
அம்மா நாலே முக்காலுக்கு எழுந்திருப்பார். கழுவுவதும் அம்மாதான். நான் ராத்திரி ஒரு மணி வரை போன் பார்த்துவிட்டு ஏழு மணிக்கு எழுப்பினால்தான் எழுந்திருப்பேன். சரி அக்கா, புரிகிறது.

கடைமடைக்காரன்:
அம்மா செய்வதைக் கணக்குப் பார்க்கும் காலம் வந்துவிட்டதா அக்கா? பிள்ளைக்குச் சோறு கட்டிக் கொடுப்பது அவர்களுக்குச் சுமையா? என் வீட்டுக்காரி கேட்டால் சிரிப்பாள்.

வெண்ணாறு_அக்கா:
சிரிப்பார்கள் அண்ணே. இடுப்பு வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே சிரிப்பார்கள். எங்கள் அப்பாயியும் அப்படித்தான் சிரித்தது.

குடும்பம் ஒரே கணக்கு என்கிறீர்களே, அதில் நானும் இருந்தேன். 19 வயதில் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிக்கு அனுப்பினார்கள். ஹாஸ்டல், ஷிப்ட், எட்டுப் பேருக்கு ஒரு குளியலறை. அப்போது யாரும் "சொந்த வீடு இருக்க எதுக்கு வெளியே" என்று கேட்கவில்லை. நான் அனுப்பிய பணத்தில் வீட்டுக்குக் காங்கிரீட் போட்டார்கள். கல்யாணம் முடிந்து மூன்றாவது மாதம் அண்ணன் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வரச் சொன்னான். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு என்று 1989-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தாயிற்று, 2005-ல் நாடு முழுக்க வந்தது. அந்தப் பங்கு வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பத்திரத்தின் பெயர் தெரியுமா? விடுதலைப் பத்திரம். எங்கள் வீட்டில் எனக்குக் கிடைத்த விடுதலை அது ஒன்றுதான்.

கடைமடைக்காரன்:
அதற்கு நான் பதில் சொல்ல முடியாது. என் தங்கையிடமும் வாங்கியிருக்கிறேன். சீர் செய்தோம், செய்முறை விட்டுப்போகவில்லை என்று நினைத்துக்கொண்டு வாங்கினேன்.

ஆனால் பையன் விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான். வேறொன்றும் திறந்து பேசுவோம். அப்பாக்களுக்கு வாடகை பெரிய பயம் இல்லை. டவுனில் ரூம் என்றால் நாளைக்கு ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்பானோ, அது என்ன சாதியோ என்ற பயம். வெளியே சொல்ல மாட்டார்கள், அதனால் பெட்ரோல் கணக்குப் பேசுவார்கள்.

தேக்கா_ரிட்டர்ன்:
பாதியில் வருகிறேன், மன்னிக்கவும். நான் மன்னார்குடி பக்கம், சிங்கப்பூரில் ஒன்பது வருடம். ஏஜெண்டுக்குக் கட்டிய கடனை அடைக்கவே ஒரு வருடம் ஓடிவிட்டது. ஒரு அறையில் பன்னிரண்டு பேர். ஞாயிற்றுக்கிழமை அங்கே தேக்கா மார்க்கெட்டில் காய்கறி வாங்கிச் சமைக்கக் கற்றுக்கொண்டேன். மீன் குழம்பு இப்போது என் மனைவியை விட நன்றாக வைப்பேன் (அவள் இதைப் படிக்க மாட்டாள்).

அவ்வளவு தூரம் போயும் ஒன்றும் மாறவில்லை. பணம் அனுப்பினேன், அப்பா செலவு செய்தார். ஊருக்குத் திரும்பியபோது வயது 31, என் பெயரில் இருந்தது ஒரு சூட்கேஸ். அவர் ஏமாற்றவில்லை. அக்கா கல்யாணம், மோட்டார், வீட்டு மராமத்து, எல்லாம் நியாயமான செலவுதான். கேட்டிருந்தால் நானே கொடுத்திருப்பேன். கேட்கவில்லை, அதுதான். அதனால் தம்பி, தஞ்சாவூரில் ரூம் எடுத்துக்கொண்டு கார்டை அப்பாவிடமே விட்டால் நீயும் என்னைப் போலத்தான், தூரம் மட்டும் குறைச்சல்.

சோழன்_பாசஞ்சர்:
பெட்ரோல் கணக்கை யாரும் பார்க்கவில்லையே. போக வர ஐம்பது கிலோமீட்டர், மாதம் 25 நாள். அதுவே வாடகைப் பங்குக்குப் பக்கத்தில் வந்துவிடும். சாப்பாடுதான் அதிகம், மெஸ்ஸில் மூன்று வேளை என்றால் 4,500-க்குக் குறையாது. பாபநாசத்தில் ரயில் நிற்கிறது, சீசன் டிக்கெட் எடுத்தால் இன்னும் மிச்சம். நேரம் ஒத்துவருமா பார்.

குடமுருட்டி:
நேற்று ராத்திரி அப்பாவிடம் பேசினேன். ரூமைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. "நகைக்கடன் எவ்வளவுப்பா?" என்று மட்டும் கேட்டேன். ரொம்ப நேரம் டிவியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் பீரோவைத் திறந்து ஒரு மஞ்சள் பையை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டுத் திண்ணைக்குப் போய்விட்டார்.

கூட்டுறவு சங்கத்தில் 1,40,000. வெளியே கைமாற்று 60,000, அது அம்மாவுக்கே தெரியாது. அம்மா கழுத்தில் கிடப்பது கவரிங் என்று எனக்கு நேற்றுத்தான் தெரியும்.

கார்டைக் கேட்க வாய் வரவில்லை. காலையில் அவராகவே பெட்ரோல் பணத்தோடு சேர்த்து எடுத்து நீட்டினார். நகைக்கடனுக்கு இனி நானே மாதாமாதம் கட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன். ரூம் நண்பர்களிடம் தை வரை பொறுக்கச் சொன்னேன், பொறுப்பார்களா தெரியவில்லை. சம்பா நடவு தலைக்கு மேல் நிற்கிறது.

கடைமடைக்காரன்:
வெளிக் கைமாற்றை முதலில் அடை, வட்டி அங்கேதான் கூட இருக்கும். நாற்று எத்தனை நாள்?

குடமுருட்டி:
இருபத்திரண்டு நாள் அண்ணே. ஆள் கிடைக்கவில்லை, மிஷினுக்குச் சொல்லியிருக்கிறோம்.

வெண்ணாறு_அக்கா:
டிபன் பாக்ஸ்?

குடமுருட்டி:
இரண்டு நாள் நான் கழுவினேன். மூன்றாம் நாள் அம்மா கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். ஆம்பளைப் பிள்ளை கொல்லையில் பாத்திரம் தேய்ப்பதைப் பக்கத்து வீட்டுப் பெரியம்மா பார்த்துவிட்டதாம்.

வெண்ணாறு_அக்கா:
நாளைக்கு வாசல் குழாயில் கழுவு. தெருவே பார்க்கட்டும்.