அருகருகே உள்ள பிராய்லர் பண்ணையாளர்கள் எந்தத் தகவல்களைப் பகிர்ந்துகொள்வது நல்லது?

பல்லடம் பண்ணையாளர்:
அனைவருக்கும் வணக்கம். பல்லடம் பக்கத்தில் ஒப்பந்த முறையில் பிராய்லர் வளர்க்கிறோம். குஞ்சு, தீவனம், மருந்து ஆகியவற்றை நிறுவனம் தருகிறது; கொட்டகையும் உழைப்பும் எங்களுடையவை; கிலோ கணக்கில் வளர்ப்புக் கூலி கிடைக்கிறது. எங்கள் ஊரில் ஏழெட்டுப் பேர் ஒரே நிறுவனத்துக்கு வளர்க்கிறோம். ஒரே வாரத்தில் குஞ்சு இறக்கினாலும் ஒருவருக்குத் தீவன மாற்று விகிதம் (ஒரு கிலோ எடை கூடச் செலவாகும் தீவனத்தின் அளவு) 1.6 என்றும் இன்னொருவருக்கு 1.8 என்றும் வருகிறது. அவரவர் பேட்ச் அட்டை (ஒரு தொகுதிக் கோழிகளின் பதிவு) அவரவர் வீட்டிலேயே இருப்பதால் காரணம் பிடிபடுவதில்லை. குழுவாகச் சேர்ந்து பதிவுகளை ஒப்பிட விரும்புகிறோம். எங்கிருந்து தொடங்கலாம்?

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்:
நல்ல முயற்சி. ஆனால் தீவன மாற்று விகிதத்தை மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள். கோழியின் எடை கூடக் கூட அந்த விகிதமும் கூடும் என்பதால், 1.8 கிலோவில் விற்பனைக்குப் பிடித்த பேட்சையும் 2.4 கிலோவில் பிடித்த பேட்சையும் அருகருகே வைத்தால் தவறான முடிவுக்கே வருவீர்கள். பிடிக்கும் வயது, சராசரி எடை, இறப்பு விழுக்காடு ஆகியவற்றையும் சேர்த்து எழுதுங்கள். எல்லாவற்றையும்விட ஏழாம் நாள் எடை முக்கியம். குஞ்சு இறங்கிய அன்றிருந்த எடையைப் போல் நான்கு மடங்காவது அது இருக்க வேண்டும். அது குறைந்தால் புரூடர் (குஞ்சுகளுக்குச் சூடு தரும் அமைப்பு) வெப்பத்தையும் தண்ணீரையும் முதலில் பாருங்கள். குஞ்சு இறங்கிய மறுநாள் சிலவற்றைக் கையில் எடுத்துக் கழுத்தடியில் உள்ள தீனிப்பையைத் தடவிப் பாருங்கள்: நிறைந்து மெத்தென்று இருந்தால் தீனியும் தண்ணீரும் எடுத்திருக்கிறது, கெட்டியாக இருந்தால் தண்ணீர் போதவில்லை, காலியாக இருந்தால் குஞ்சு தீனியைத் தேடவே இல்லை. இதை ஒவ்வொரு பண்ணையிலும் ஒரே நேரத்தில் செய்து எழுதிவைத்தால், உங்கள் கேள்விக்குப் பாதி விடை அதிலேயே கிடைக்கும்.

உடுமலை வளர்ப்பாளர்:
ஐயா சொன்னதுடன் ஒன்றைச் சேர்க்கிறேன். பதிவுகளைத்தான் பகிர வேண்டுமே தவிர, ஒருவர் கொட்டகைக்குள் மற்றவர் போய்ப் பார்க்கும் பழக்கம் கூடவே கூடாது. வெள்ளைக்கழிச்சல், கம்போரோ ஆகிய தொற்றுநோய்கள் செருப்பிலும் தீவன மூட்டையிலும் எடைத் தராசிலும் ஏறி வரும். சந்திப்பை ஊர்ப் பொது இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கொட்டகையைப் பார்த்தே ஆக வேண்டுமென்றால் வீடியோ போதும். ஒருவர் பண்ணையில் இறப்பு கூடினால் அன்றே மற்றவர்களுக்குத் தெரிய வேண்டும், ஏனென்றால் அதை மறைப்பதால் சுற்றியுள்ள அத்தனை பேருக்கும் நட்டம். அப்படிச் சொல்பவரை யாரும் குறை சொல்லக் கூடாது என்பதை முதல் கூட்டத்திலேயே பேசி முடிவெடுங்கள்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்:
மிகச் சரியாகச் சொன்னீர்கள் அம்மா. மருந்துப் பெயர்களைப் பகிர்வதிலும் இதே எச்சரிக்கை தேவை. பக்கத்துப் பண்ணையில் பலன் தந்தது என்பதற்காக அதே நுண்ணுயிர்க்கொல்லியைக் கொடுப்பதுதான் எதிர்ப்பாற்றல் கொண்ட கிருமிகளை வளர்க்கிறது. உணவுக்கான விலங்குகளுக்குக் கொலிஸ்டின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைக் கொடுப்பதை இந்திய அரசு 2019-இல் தடைசெய்ததும் அதனால்தான். இறந்த கோழியை நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பிச் சோதித்து, அந்த அறிக்கையைக் குழுவில் பகிருங்கள்.

பல்லடம் பண்ணையாளர்:
மிக்க நன்றி ஐயா, நன்றி அக்கா. அடுத்த பேட்சிலிருந்து ஏழாம் நாள் எடையையும் தினசரி இறப்பையும் எல்லோரும் ஒரே நோட்டு வடிவத்தில் எழுதப் போகிறோம். தரையில் கூளமாகத் தேங்காய் நார்க்கழிவை விரிக்கும் கனத்தையும் அதில் சேர்க்கலாமா?

உடுமலை வளர்ப்பாளர்:
கட்டாயம் சேருங்கள். கூளத்தை வாராவாரம் ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பார்த்து, உருண்டையாக நின்றதா, உதிர்ந்ததா என்றும் எழுதுங்கள். உருண்டையாக நின்றால் ஈரம் மிகுதி. அம்மோனியா நெடி வரும் முன்பே கிளறிவிட்டு, கோழிகள் தண்ணீர் குடிக்கும் நிப்பிள் எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள்.