டிஸ்னி வேர்ல்டில் சக்கர நாற்காலியோடு அம்மா: போய் வந்தவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். டிசம்பரில் அம்மாவை ஆர்லாண்டோ மேஜிக் கிங்டமுக்கு அழைத்துப் போகிறோம். பக்கவாதம் வந்ததிலிருந்து வலது காலைச் சரியாக ஊன்ற முடியாது. பிடித்துக்கொண்டால் கொஞ்ச நேரம் நிற்பார். ஜங்கிள் குரூஸ், இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்டு என்ற படகுச் சவாரிகள் இரண்டிலும் நாற்காலியோடே ஏறும் படகு உண்டு, சரி. பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன் படகுச் சவாரியில் மட்டும் நாற்காலியிலிருந்து படகின் இருக்கைக்கு மாறியே ஆகவேண்டும். ஊழியர்கள் தூக்கிவிட மாட்டார்கள், கூட வந்தவர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். படகுக்குள் படி இறங்கி உட்கார வேண்டுமே, அங்கேதான் பயம். திரும்ப எழுப்புவது அதைவிடப் பாடு. அம்மாவுக்கோ அந்தப் படகுதான் வேண்டுமாம்!

இப்படி யாரையாவது ஏற்றி இறக்கியிருக்கிறீர்களா? எந்தப் பக்கம் நின்று பிடித்தீர்கள்? இடுப்பில் கட்டிப் பிடித்துத் தூக்கும் பெல்ட் உதவியதா? அப்புறம், நாற்காலி ஏறும் படகுக்குத் தனியாகக் காத்திருக்க எவ்வளவு நேரம் ஆனது?