முதல் தடவை பபுள் டீ வாங்கப் போய் முழிச்ச கதை இருக்கா? சொல்லுங்க

பாளைக்காரன்:
நானே ஆரம்பிக்கேன். போன சனிக்கிழமை சித்தி மவ ஊர்லேந்து வந்திருந்தா, அவள வண்டில வச்சு நம்ம திருநெல்வேலி வண்ணாரப்பேட்டை பக்கம் போனா மண்டைய பொளக்குற வெயில், "அண்ணே, பபுள் டீ வாங்கித் தாயேன்"னுட்டா. டீ தான, வாங்கிட்டா போச்சுன்னு ஏசிக்குள்ள நுழைஞ்சிட்டேன். இவ போன் வந்துட்டுன்னு வெளியவே நின்னுட்டா. உள்ள நான் தனி ஆளு.

கவுண்டர்ல நின்ன தம்பி மரியாதையான பையன்தான், அவன குறை சொல்ல மாட்டேன். ஆனா கேக்கான் பாருங்க கேள்வி. மில்க் டீயா ஃப்ரூட் டீயா, எந்த ஃப்ளேவர், டாப்பிங் என்ன, சுகர் எத்தனை பெர்சென்ட், ஐஸ் எவ்வளவு... எனக்கு பொண்ணு பாக்க போனப்ப கூட இவ்வளவு கேக்கல. பின்னாடி காலேஜ் பிள்ளைங்க நாலஞ்சு பேர் நிக்காவ, தெரியாதுன்னு சொல்ல வெக்கம். போர்டுல டாரோன்னு இருந்துச்சு, பேரு நல்லா இருக்கேன்னு அத சொன்னேன், டாப்பிங்குக்கு ஸ்ட்ராபெரி பாப்பிங் போபான்னு ஒரு உருண்டை, சுகர் 100, ஐஸ் ஃபுல்லு. துட்டு குடுக்கோம்லா, எதுக்கு கொறைக்கணும்?

வந்துச்சு கத்திரிப்பூ கலர்ல. மேல ப்ளாஸ்டிக் தாள் ஒட்டி சீல் பண்ணிருக்கு, கூடவே சுண்டுவிரல் தண்டிக்கு ஒரு ஸ்ட்ரா. நான் பாப்பாவுக்கு ஊசி போடுற மாதிரி பைய பைய குத்துதேன், தாள் அமுங்குதே ஒழிய கிழியல, கோவத்துல ஒரு அமுக்கு அமுக்கினேன், கப்பு நசுங்கி பாதி சட்டையில. மிச்சத்த குடிச்சா அல்வா பாகு கணக்கா இனிப்பு, நடுவுல அந்த உருண்டை பட்டு பட்டுன்னு ஒடஞ்சு புளிப்புத் தண்ணி வேற வருது. பாலுக்குள்ள எலுமிச்சம்பழம் பிழிஞ்ச மாதிரி. வீட்டுக்கு வந்து டாரோன்னா என்னன்னு தேடினா, சேப்பங்கிழங்காம்! எங்கம்மா புளிக்கொழம்புல போட்டா ஓரமா ஒதுக்குற சாமானுக்கு 180 ரூபா குடுத்துட்டு வந்திருக்கேன்.

அம்பை மதினி:
சிரிச்சு முடியல தம்பி. நாங்க ஜங்ஷனுக்கு துணி எடுக்க வந்தப்ப ஆச்சியும் கூட வந்தாவ, 78 வயசு. ஸ்ட்ராலாம் வேண்டாம்னுட்டு தாளை நகத்தால சுரண்டி பிச்சுட்டாவ. டீய ரெண்டே மடக்கு. டீக்குள்ள போடுற கருப்பு முத்து, மரச்சீனிக்கிழங்கு மாவுல உருட்டினது, எல்லாம் அடியில கெடக்கு, ஸ்பூன் கேட்டு வாங்கி ஒண்ணு ஒண்ணா வாயில போட்டு மெல்லுதாவ, கடைக்காரப் பையனே வேலைய விட்டுட்டு பாக்கான். மென்னு முடிச்சுட்டு, "ஏட்டி, பதனியில நுங்கு போட்ட கணக்காலா இருக்கு, நுங்கு வழுக்கிட்டு போயிரும், இது பல்லோட மல்லுக்கு நிக்கி"ன்னாவ. கடைசி முத்து வரைக்கும் விடல கேட்டேளா.

ஆனா ஒரு பயம் காட்டிட்டு. சின்னவனுக்கு மூணு வயசு, அழுதானேன்னு ஒரு வாய் உறிஞ்சக் குடுத்தேன், முத்து ஸ்ட்ரா வழியா சர்ருன்னு நேரா தொண்டைக்கே போயிட்டு, அவன் இரும இரும எனக்கு உசுரே இல்ல. நல்லவேளை துப்பிட்டான். சின்னப் பிள்ளைங்களுக்கு முத்து போட்டது குடுக்காதீங்க, சொல்லிட்டேன்.

முன்னாள் கவுண்டர் தம்பி:
அண்ணாச்சி, நான் சென்னையில இந்த மாதிரி ஒரு கடையில எட்டு மாசம் நின்னவன். நீங்க புதுசுன்னு உங்க முழியிலயே எங்களுக்கு தெரிஞ்சிரும். "முதல் தடவை, நீயே பாத்து போடுப்பா"ன்னா சந்தோசமா போட்டுத் தருவோம், ஒருத்தரும் கேக்க மாட்டாவ. கேள்வியெல்லாம் ஒண்ணும் புதுசு கெடையாது, டீக்கடையில "ஸ்ட்ராங்கா, சீனி கம்மியா, ஆத்தாம ஒண்ணு"ன்னு சொல்லுதோம்லா, அததான் இங்க பெர்சென்ட்ல கேக்காவ. டீ மாஸ்டருக்கு தெனமும் பாக்க மூஞ்சி, கேக்காமலே போட்டுருவாரு.

முதல் தடவைன்னா கட்டன் சாயா மாதிரி கடுப்பமான டீயில பால் சேத்த சாதா மில்க் டீ, கருப்பு முத்து, சுகர் 50, ஐஸ் கம்மி. இத சொல்லிப் பாருங்க. முத்தையே சீனிப்பாகுல ஊறப் போட்டுதான் வச்சிருப்போம், அது ஒரு பக்கம் இனிப்ப எறக்கும், அதனால 50 தாராளம். ஐஸ் கூடினா முத்து வெறச்சு ரப்பர் ஆயிரும். நீங்க வாங்கின பாப்பிங் போபா வேற வகை, அதுல கிழங்கே கெடையாது, கடல்பாசியிலேந்து எடுக்குற ஆல்ஜினேட்டுன்னு ஒரு சாமான வச்சு பழச்சாறுக்கு மேல மெல்லிசா தோலு கட்ட வச்சிருப்பாவ. மாம்பழம், லிச்சின்னு ஃப்ரூட் டீயில போட்டா அருமையா இருக்கும், பாலோட சேராது. அந்தப் பையன் உங்ககிட்ட சொல்லிருக்கணும், அது தப்புதான்.

ஸ்ட்ரா விசயம். மேல் ஓட்டைய கட்டைவிரலால அடைச்சுக்கிடுங்க, கப்ப நசுக்காம பிடிச்சு, கூர் முனைய தாள்ல வச்சு ஒரே குத்து. பயந்து பயந்து குத்தினாதான் தெறிக்கும்.

இன்னொண்ணு, ராத்திரி கடை சாத்துற நேரத்துல போனா முத்து எப்ப வேகவச்சதுன்னு கேளுங்க. அர மணி நேரம் கொதிக்க விட்டு, அப்புறம் மூடி போட்டு அர மணி நேரம் விட்டு, பாகுல போடுறது. நாலு மணி நேரம் தாண்டினா உள்ள கட்டியாயிரும். பார்சல் வாங்கி ஃப்ரிட்ஜ்ல வச்சு மறுநாள் குடிக்கலாம்னு நெனச்சா அடியில கல்லுதான் கெடக்கும்.

ஏர்வாடிக்காரன்:
நான் இப்ப தைவான்ல சிஞ்சூங்கிற ஊர்ல ஆராய்ச்சி படிக்கேன், இந்த டீ பொறந்ததே தைவான்லதான். இங்க இதுக்கு பேரு ஜென்ஜூ நாய்ச்சா. ஜென்ஜூன்னா முத்து, நாய்ச்சான்னா பால் டீ. அம்மாட்ட போன்ல "நாய்ச்சா குடிச்சேன்"ன்னேன், "எய்யா, அங்கன அதையுமா குடிக்காவ"ன்னு கேட்டா.

முதல் நாள் எனக்கும் அண்ணாச்சி கதைதான், பாஷை வேற தெரியாது. ரூம்ல கூட இருக்க பையன் ரெண்டு வார்த்தை சொல்லிக் குடுத்தான், பான்தாங்னா அரை சீனி, ஷாவ்பிங்னா ஐஸ் கம்மி. மூணு வருசமா அத வச்சே ஓட்டுதேன். முத்து பதமா இழுபட்டு மெல்ல வந்துச்சுன்னா "க்யூ"ன்னு சொல்லுவாவ, ரொம்ப பதம்னா "க்யூ க்யூ".

தைச்சுங்ல சுன் ஷுய் தாங், தைனான்ல ஹன்லின்னு ரெண்டு கடை, 1980கள்ல நாங்கதான் மொதல்ல போட்டோம்னு ரெண்டு பேரும் சொல்லி பத்து வருசம் கோர்ட்டுல கெடந்தாவ. 2019ல, இது யாருக்கும் பேட்டன்ட் இல்ல, எவன் வேணா போடலாம்னு முடிஞ்சுது. இன்னொரு விசயம், பபுள்னு பேரு வந்தது உருண்டையால கெடையாதாம், டீய ஐஸோட போட்டு குலுக்கும்போது மேல நுரை கட்டும்லா, அத வச்சு வந்த பேராம். அப்படிப் பாத்தா நம்ம ஊர்ல ஒரு முழம் தூக்கி ஆத்துற மாஸ்டர் எல்லாம் பபுள் டீ மாஸ்டர்தான்.

திசையன்விளை அக்கா:
சேலத்து ஜவ்வரிசியும் இந்த முத்தும் ஒரே மரச்சீனிக்கிழங்கு ஸ்டார்ச்தான்னு தெரிஞ்சதும் 180 ரூபா எதுக்குன்னு வீட்டுலயே எறங்கிட்டேன். உடன்குடி கருப்பட்டிய காய்ச்சி, மண்ணு போக வடிகட்டி (இத விட்டுட்டா பல்லு போச்சு), கை பொறுக்குற சூட்டுக்கு ஆற வச்சு ஸ்டார்ச்ல ஊத்தினேன். வந்துச்சு பாருங்க ஒரு மாயம், அள்ளிப் பிடிச்சா கட்டியா இருக்கு, கைய விரிச்சா வழிஞ்சு ஓடுது. உருட்டவே முடியல, சவத்த கொட்டிட்டேன். மறுநா தளதளன்னு கொதிக்கையிலயே ஊத்தி கரண்டியால கிண்டினேன், சப்பாத்தி மாவு மாதிரி சேந்துக்கிட்டு. கொண்டக்கடலை தண்டிக்கு உருட்ட உக்காந்தா ஒரு மணி நேரம், கை ஓஞ்சு போச்சு. ஆனா கருப்பட்டி மணத்தோட அந்த முத்து, கடையில எங்கயும் கெடைக்காது. செய்வேனான்னா, இனி தீவாளிக்குத்தான்.

பாளைக்காரன்:
தம்பி சொன்ன மாதிரி 50, ஐஸ் கம்மி, கட்டைவிரல வச்சு ஒரே குத்து. நேத்து சட்டை தப்பிச்சுது, நல்லாவும் இருந்துச்சு. இப்ப எங்கப்பாவும் வாறேங்காவ, அவாளுக்கு சுகர் இருக்கு. சீரோ பெர்சென்ட் சொன்னா போதுமா?

முன்னாள் கவுண்டர் தம்பி:
போதாது அண்ணாச்சி. முத்து பாகுல ஊறினதுலா, அதுவே மாவுப் பண்டமும்கூட, அத எடுத்துரச் சொல்லுங்க. ஃப்ளேவர் பொடியிலயும் சீனி கலந்தே வரும், அதுவும் வேண்டாம்.

பாளைக்காரன்:
முத்து இல்ல, ஃப்ளேவர் இல்ல, சீனி இல்ல. அப்ப மிச்சம் என்ன இருக்கும்?

முன்னாள் கவுண்டர் தம்பி:
டீ.