கிளாரினெட் லிகேச்சருக்குத் தமிழ்ச் சொல் – வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

பேண்டு டீச்சர்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பள்ளிக்கு யாரோ கொடுத்த பழைய கிளாரினெட்டுகளோடு ஒரு பிஸ்கட் டப்பா நிறைய லிகேச்சர் வந்திருக்கிறது. வாயில் வைத்து ஊதும் மவுத்பீஸில் ரீடை, அதாவது ஊதினால் அதிரும் மெல்லிய தட்டையை, வைத்துச் சுற்றி இறுக்குகிறோமே, அந்த வளையம். எது எந்த வகை என்று பிள்ளைகளே பார்த்துப் பிரிக்க ஒரு பக்கத் தாள் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அது ஜெராக்ஸ் கடைக்குப் போயாக வேண்டும். டப்பாவில் இருப்பவை: ரீடின் பக்கம் இரண்டு திருகு உள்ள சாதா உலோகம் 9; திருகு ரீடுக்கு எதிர்ப்பக்கம் வருவது 3; தோல் மாதிரிப் பட்டையில் ஒற்றைத் திருகு வைத்தது 2 (ஒன்றில் ரோவ்னர் என்று இருக்கிறது); அப்புறம் எதிலும் சேராமல் ஒல்லியாக ஒன்று. 'லிகேச்சர்' என்றே விட்டுவிடலாம்தான். ஆனால் வரிக்கு வரி 'தலைகீழ் லிகேச்சர்', 'தோல் லிகேச்சர்' என்று எழுதக் கை கூசுகிறது.

புலவர்:

லத்தீனில் 'லிகாரே' என்றால் கட்டுதல். கட்டுவதற்குத் தமிழில் சொல் பஞ்சமா அம்மா? யாத்தல், பிணித்தல், தளைத்தல். சீரோடு சீரைக் கட்டுவது தளை என்றால் ரீட் என்னும் நாவைக் கட்டுவது 'நாத்தளை'. யாத்தலிலிருந்தே யாப்பு; யாழும் அதே வேரில் கிளைத்தது என்பது என் நெடுநாள் கருத்து. இங்கே எழுதினால் நீளும், தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

எழுத்துருத் தம்பி:

ஐயா, தனி மடல் வேண்டாம், போன மாதம் வந்ததையே இன்னும் முடிக்கவில்லை. என் கேள்வி வேறு. எழுத்துரு வேலையில் லிகேச்சர் என்றால் கூட்டெழுத்து: க்ஷ, ஸ்ரீ. அறுவை சிகிச்சையில் ரத்தக் குழாயைக் கட்டும் நூலும் லிகேச்சர். மூன்றுக்கும் ஒரே சொல் வைத்தால் அகராதியில் ஒரு பதிவோடு முடியுமே?

பேண்டு டீச்சர்:

தம்பி, என் பிள்ளைகள் ரத்தக் குழாயைக் கட்டப் போவதில்லை. ஐயா, 'நாத்தளை'யை ஏழாம் வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். பாதிப் பேர் 'நாத்தழை' என்று எழுதினார்கள், ஒருவன் கீரையா டீச்சர் என்றான்.

புலவர்:

ழகரத்தைக் கற்றுக்கொடுக்காதது சொல்லின் குற்றமல்ல. வேண்டுமானால் 'நாப்பிணி'.

எழுத்துருத் தம்பி:

நாப்பிணிக்கு இஎன்டி டாக்டரிடம்தான் போக வேண்டும்.

கிளாரினெட்காரன்:

நான் வாசிக்கிறவன். எங்களுக்குள் லிகேச்சர்தான், வேறு பெயரில் யாரும் கேட்டதில்லை. சதிராட்டத்துக்கு வாசிக்கும் சின்ன மேளத்தில் முகவீணை என்ற சிறு ஊதுகுழல் இருந்த இடத்துக்கு 19ஆம் நூற்றாண்டில் கிளாரினெட் வந்தது. ஏ.கே.சி. நடராஜன் அதில் நாதஸ்வரத்தின் குழைவையே கொண்டுவந்து 2008இல் சங்கீத கலாநிதியும் வாங்கினார். லிகேச்சருக்குத் தமிழ்ப் பெயர் இல்லை என்று கச்சேரி எதுவும் நின்றுபோகவில்லை.

ஆனாலும் பெயர் வைப்பதென்றால் அது செய்யும் வேலையைப் பார்த்து வையுங்கள். ரீடின் அடி அசையக் கூடாது, நுனி அதிர வேண்டும். முறுக்கி இறுக்கினால் ரீட் கோணிக்கொண்டு சத்தம் கம்மிவிடும். தளர்ந்தால் ரீட் நழுவும், கீச்சென்று கத்தும். வகைகளுக்குள் இருக்கும் வித்தியாசமெல்லாம் ரீடை எங்கே, எவ்வளவு தொடுகிறது என்பதில்தான். வேண்டோரன் கம்பெனியின் ஆப்டிமம் லிகேச்சரில் அழுத்துகிற தகடே மூன்று தருகிறார்கள், மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். எனக்கு அவற்றில் பெரிய வித்தியாசம் கேட்டதில்லை. நல்ல ரீட் கிடைத்த நாளில் எந்த வளையமும் நன்றாகத்தான் பேசும்.

இன்னொன்று, ரீடைச் 'சீவாளி' என்று மட்டும் எழுதாதீர்கள். நாதஸ்வரத்தின் சீவாளி இரட்டைத் தட்டை, கெண்டை என்னும் சிறு உலோகக் குழாயில் செருகுவது, அதற்கு லிகேச்சரே கிடையாது. இது ஒற்றைத் தட்டை. அந்த ஒல்லி வளையம் ஈ-பிளாட் என்னும் சிறிய கிளாரினெட்டுக்கு உரியதாகவோ ஜெர்மன் மவுத்பீஸுக்கு உரியதாகவோ இருக்கலாம். ஜெர்மன் மவுத்பீஸ் சற்று ஒல்லி. அங்கே இன்றும் பலர் நூலைத்தான் சுற்றுகிறார்கள், அது நழுவாமல் இருக்க மவுத்பீஸிலேயே வரி வரியாக வெட்டியிருக்கும். முன்பு எல்லாருக்குமே நூல்தான். திருகு வைத்த உலோக வளையம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 13 சாவி கிளாரினெட்டைக் கொண்டுவந்த இவான் முல்லரின் வேலை என்பார்கள்.

உலக்கை:

மரத்தைச் சுற்றி உலோக வளையம் என்றால் எங்கள் ஊரில் அது பூண். உலக்கைக்குப் பூண், கைத்தடிக்குப் பூண். 'ரீட் பூண்'. முடிந்தது விஷயம்.

கிளாரினெட்காரன்:

பூண் அடித்தால் அடித்ததுதான். இதை நான் தினமும் கழற்றுகிறேனே!

பேண்டு டீச்சர்:

சரி, அப்படியானால் வெறும் 'கட்டு'? திருகுகட்டு, தலைகீழ்க்கட்டு, தோல்கட்டு, நூல்கட்டு.

புலவர்:

சொல்லைத்தான் விட்டுக்கொடுத்தேன், புணர்ச்சியையுமா? நூல் + கட்டு = நூற்கட்டு. தோல் + கட்டு = தோற்கட்டு.

எழுத்துருத் தம்பி:

நூற்கட்டு என்றால் புத்தக பைண்டிங். தோற்கட்டு என்றால் யாரோ 'தோற்கட்டும்' என்று சபித்ததுபோல இருக்கிறது. போட்டிக்குப் போகிற பேண்டு குழு ஐயா!

சங்கப்பிரியை:

இரண்டு நாளாகப் பொறுத்திருந்தேன். வாத்தியத்தில் கட்டுகிற கட்டுக்கு நம்மிடம் சொல் இருக்கிறது: திவவு. யாழின் கோட்டில், அதாவது வளைந்த தண்டில், நரம்பை இறுக்கும் வார்க்கட்டு. பெரும்பாணாற்றுப்படை அதைப் பெண்ணின் முன்கையில் இருக்கும் வளைக்கு ஒப்பிட்டு 'மெலிந்துவீங்கு திவவு' என்கிறது. வேண்டிய இடத்தில் நெகிழும், வேண்டிய இடத்தில் இறுகும். கிளாரினெட்காரர் ஒரு பத்தியில் சொன்னதை அந்தப் புலவர் இரண்டே சொல்லில் முடித்துவிட்டார். 'தோல்திவவு', 'நூல்திவவு' என்றால் பைண்டிங்கும் இல்லை, சாபமும் இல்லை.

கிளாரினெட்காரன்:

அம்மா, சொல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கடையில் போய் 'ஒரு திவவு கொடுங்கள்' என்றால் என்னையே மேலும் கீழும் பார்ப்பான்.

சங்கப்பிரியை:

'பேருந்து'க்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் பார்த்திருப்பார்கள்.

உலக்கை:

இப்போதும் எங்கள் ஊரில் பஸ்தான்.

பேண்டு டீச்சர்:

வியாழன் இரவு மணி பதினொன்று. 'கட்டு' என்று சொன்னவர்கள் நான்கு பேர். அதில் இரண்டு பேர் 'ஏதோ ஒன்று, தூங்க விடுங்கள்' என்றுதான் எழுதியிருக்கிறார்கள், அதையும் சேர்த்துக்கொண்டேன். தலைப்பில் மட்டும் 'லிகேச்சர் என்னும் ரீட் கட்டு', உள்ளே வெறும் கட்டு. நூல், தோல் இரண்டையும் பிரித்தே எழுதுகிறேன், புலவர் ஐயா மன்னிக்கவும். திவவுக்கு அடிக்குறிப்பில் ஒரு வரி.

புலவர்:

அடிக்குறிப்பு கூட நாத்தளைக்கு இல்லை.

சங்கப்பிரியை:

ஒரு வரிக்கு நன்றி. ஆனால் 'வாசித்து முடித்ததும் திருகைத் தளர்த்தி வைக்கவும்' என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேயாவது 'மெலித்து வைக்கவும்' என்று போடலாமே?

பேண்டு டீச்சர்:

அப்புறம் இறுக்குவதற்கு 'வீங்கும்வரை திருகவும்' என்று போடச் சொல்வீர்கள். பெற்றோர் எனக்கு ஃபோன் போடுவார்கள். தாள் போய்விட்டது அம்மா.