கண் நல்லம், பார்வை மட்டும் இல்லை: சொல்லைத் தேடி

அன்பின் நண்பர்களுக்கு,

கருவிலேயே வைரசுத் தொற்று வந்த குழந்தைகள் சிலருக்குக் கண் நல்லமாக இருந்தும் மூளையால் பார்வை குறைகிறது. ஆங்கிலத்தில் 'கோர்ட்டிகல்' அல்லது 'செரிபிரல்' பார்வைக் குறைபாடு என்று சொல்லும் இதற்குத் தமிழில் என்ன சொல்வது என்ற கேள்விக்கு உங்களிடமிருந்து இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: புறணிப் பார்வையின்மை, மூளைய மேற்பட்டைப் பார்வைக் குறைபாடு, மூளைக்குருடு. மூன்றாவதை இப்போதே விட்டுவிடலாம். அதை ஒரு தாயின் முன்னால் சொல்ல எனக்கு வாய் வராது.

இதுபற்றித் தாய்மாருக்கான துண்டுப் பிரசுரத்தை மொழிபெயர்க்கத் தொடங்கிய பிறகு இங்கே திருகோணமலை உப்புவெளியில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். எட்டு மாதக் குழந்தை. தாய் முகத்தைக் கிட்டக் கொண்டுவந்து சிரித்தாலும் பார்க்காது. முற்றத்தில் யாரோ சிவப்பு வாளியை இழுத்தபோது மட்டும் சட்டென்று தலை திரும்பியது. கண்ணைச் சோதித்துவிட்டுப் பழுதில்லை என்று அனுப்பியிருக்கிறார்கள். "கண் நல்லமெண்டா ஏன் அண்ணை என்னைப் பாக்குதில்லை?" என்று அந்தத் தாய் கேட்டார். நாங்கள் தேடும் சொல் அவருக்குப் பதிலாக இருக்க வேண்டும்.

கருவில் தொற்றக்கூடிய வைரசுகளில் ஒன்றான சைட்டோமெகலோ வைரசு விழித்திரையில் அழற்சியை உண்டாக்கித் தழும்பை விட்டுப்போகலாம், பார்வை நரம்பை மெலியச் செய்யலாம், வாக்குக்கண்ணும் (மாறுகண்) வரலாம். இவற்றுக்குச் சொல் இருக்கிறது. ருபெல்லாவில் (ஜெர்மன் தட்டம்மை) வரும் கண்புரைக்கும் இருக்கிறது (கர்ப்பகால ருபெல்லாவுக்கும் அதற்கும் உள்ள தொடர்பை 1941இல் அவுஸ்திரேலியக் கண் மருத்துவர் நோர்மன் கிரெக் எடுத்துச் சொன்னார்). சிக்கல் நாங்கள் சொல் தேடும் இந்த வகையில்தான். கண் படத்தை அனுப்புகிறது. மூளை அதை வாசிக்க மாட்டாமல் நிற்கிறது. அதுவும் எப்போதும் ஒரேமாதிரி இல்லை. அமைதியான நேரத்தில் கொஞ்சம் பார்க்கும், சத்தமும் சனமும் கூடினால் பார்க்காது. அசைகிற பொருள், பளிச்சென்ற நிறம் கண்ணில் படும். மாதங்கள் போகப் போகத் தேறுவதும் உண்டு. ஆகவே 'இன்மை' தவறு.

'புறணி' என்றால் தமிழ்நாட்டு நண்பர்களே, உங்கள் பக்கம் அது ஒருவரைப் பற்றிப் புறம் பேசுகிற சமாச்சாரமல்லவா! மூளையின் வெளிப்புற அடுக்கான 'கோர்ட்டெக்ஸ்' எங்கள் பாடநூலில் 'மேற்பட்டை'. நல்ல சொல்தான். ஆனால் பாதிப்பு மேற்பட்டையோடு நிற்பதில்லை, அதற்குக் கீழேயுள்ள வெண்பொருளிலும் (நரம்பிழைகள் ஓடும் பகுதி) இருக்கும். ஆங்கிலத்திலேயே 'கோர்ட்டிகல்' என்பதை விட்டு 'செரிபிரல்' என்று மாற்றிக்கொண்டு வருகிறார்கள். பழைய சொல்லை நாங்கள் ஏன் புதிதாக மொழிபெயர்க்க வேண்டும்?

என் முன்மொழிவு: மூளைசார் பார்வைக் குறைவு. 'மூளை' என்றாலே தாய்மார் பயந்துவிடுவார்கள் என்று இங்குள்ள ஒரு தாதி சொன்னார். நியாயம்தான். ஆனால் அதை மறைத்தால் அவர்கள் மூக்குக்கண்ணாடிக் கடைக்குத்தான் அலைவார்கள்.

அப்புறம், கருவில் வரும் தொற்றைப் 'பிறவித் தொற்று' என்பதிலுள்ள 'பிறவி'. இது முன்வினையையும் கூடவே இழுத்து வருகிறது. பரம்பரை நோய் என்றும் எண்ண வைக்கும். 'கருவறைத் தொற்று' என்றால் எங்கள் ஊரில் கோணேசர் கோயில்தான் நினைவுக்கு வரும். 'கருக்காலத் தொற்று' எனலாம். எப்போது தொற்றியது என்பதையும் அது சொல்லிவிடும். சைட்டோமெகலோ வைரசில் அது முக்கியம். பிறந்து 21 நாட்களுக்குள் உமிழ்நீரையோ சிறுநீரையோ சோதித்தால்தான் கருவில் வந்ததென்று உறுதியாகச் சொல்லலாம். பிந்தினால், பிறந்தபின் தாய்ப்பால் வழியே வந்திருக்கவும் கூடும்.

பிரசுரம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'குறைவா', 'குறைபாடா' என்பதையாவது அதற்குமுன் முடித்துத் தாருங்கள். நான் 'குறைவு' பக்கம்.