வேலைக்கு வெளியே ஒரு சொந்தச் செயலி: ஆலோசனை வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம். ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். மாலை நேரங்களில், முதியவர்களுக்கு மாத்திரை வேளையைக் குரலில் நினைவூட்டும் ஒரு சிறிய ஆண்ட்ராய்டு செயலியை உருவாக்க ஆசை. எழுத்தைப் படிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு, "சாப்பிட்டாகிவிட்டதா? இப்போது அந்த வெள்ளை மாத்திரை" என்று பிள்ளைகளின் குரலே சொன்னால் எவ்வளவு உதவியாக இருக்கும்!

என்னைத் தயங்க வைப்பது பணி ஒப்பந்தம். பணிக்காலத்தில் நான் எழுதும் மென்பொருள் எல்லாம் நிறுவனத்துக்கே உரியது என்று அதில் ஒரு வரி இருக்கிறது. அலுவலக நேரம், அலுவலகக் கணினி என்ற வரம்பு எதுவும் இல்லை. இது எந்த அளவு செல்லும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். எனவே நான் கேட்பது, முன்கூட்டியே எழுத்துப்பூர்வ அனுமதி வாங்கியவர்களின் அனுபவத்தை. முதலில் மேலாளரிடம் பேசினீர்களா, மனிதவளத் துறையிடமா? கடிதத்தில் எதையெல்லாம் குறிப்பிட்டீர்கள்? அனுமதி கைக்கு வரும்வரை ஒரு வரி நிரல்கூட எழுதப்போவதில்லை.

தொழில்நுட்பத்தில் ஒரு சிக்கல். ஆண்ட்ராய்டு 6 முதல், தொடாமல் கிடக்கும் கைபேசி, மின்கலத்தைச் சேமிக்கும் 'டோஸ்' (Doze) என்ற உறக்க நிலைக்குப் போய்ச் சாதாரண அலாரங்களைத் தள்ளிப்போடுகிறது. ஆண்ட்ராய்டு 12 முதல் துல்லிய அலாரத்துக்குத் தனி அனுமதியும் தேவை. மாத்திரை விஷயத்தில் தாமதத்தை நான் ஏற்கமாட்டேன். இதைச் சமாளித்தவர்கள் வழி சொல்லுங்கள்.

செயலி இலவசம்தான். மாற்றி வெளியிடுகிறவர்களும் மூலநிரலைத் தர வேண்டும் என்பதால் ஜிபிஎல் (GPL) என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தின் பக்கம் சாய்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் அதையும் எழுதுங்கள்.