பள்ளி ஆசிரியருக்குப் பல ஆண்டுகள் கழித்து எவ்வாறு நன்றி சொல்வது?

கேள்வி: காவிரிக்கரையான்

வணக்கம். நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு வரை படித்தவன் நான். எங்களுக்குக் கணிதம் கற்பித்த ஆசிரியர் பணிநிறைவு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. பொங்கல் விடுமுறையில் நடக்கவிருக்கும் முன்னாள் மாணவர் சந்திப்பில் அவருக்குப் பொன்னாடை போர்த்தி, கேடயம் வழங்குவது என நண்பர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆயினும் அவரிடம் நான் பெற்றதற்கு அது போதாது என்ற எண்ணம் மனத்தை விட்டு அகலவில்லை.

விடை சரியாக இருந்தாலும் அவர் உடனே மதிப்பெண் போட்டுவிட மாட்டார். கரும்பலகைக்கு அழைத்து, இந்த வரியிலிருந்து அடுத்த வரிக்கு எப்படி வந்தாய் என்று கேட்பார். விழித்துக்கொண்டு நின்றால் கோபிக்காமல், தெரிந்த இடம் வரை திரும்பிப் போய் அங்கிருந்து தொடங்கச் சொல்வார். இன்று பாலங்களின் கட்டமைப்புக் கணக்குகளைச் சரிபார்க்கும் பணியில் இருக்கிறேன். கணினி தரும் விடையை ஏற்பதற்கு முன் அவர் கேட்ட அதே கேள்வியைத்தான் இன்றும் கேட்டுக்கொள்கிறேன். இதை அவருக்கு எவ்வாறு தெரிவிப்பது? உங்கள் ஆசிரியர்களுக்கு நீங்கள் நன்றி சொன்ன விதத்தையும் அறிய விரும்புகிறேன்.

மறுமொழி 1: நூலகவாசி

நீங்கள் இங்கே எழுதியிருப்பதையே ஒரு கடிதமாக அவருக்கு எழுதுங்கள். பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு செய்ததும் அதுதான். முதல் உலகப் போரில் 1914இல் தந்தை இறந்துவிட, அல்ஜியர்ஸ் நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில், எழுதப் படிக்கத் தெரியாத தாயிடமும் கண்டிப்பான பாட்டியிடமும் வளர்ந்தவர் அவர். தொடக்கப் பள்ளி முடிந்ததும் பையனை வேலைக்கு அனுப்பிவிட வேண்டும் என்றிருந்த பாட்டியிடம் பேசி இணங்க வைத்ததோடு, உயர்நிலைப் பள்ளிக்கான உதவித்தொகைத் தேர்வுக்கு ஊதியம் பெறாமல் தனியே பாடமும் சொல்லிக்கொடுத்தவர் லூயி ஜெர்மேன் என்ற ஆசிரியர். 1957இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டு, ஆரவாரம் சற்று அடங்கிய பின், நவம்பர் 19 அன்று காம்யு அவருக்குக் கடிதம் எழுதினார். செய்தி கேட்டபோது தாய்க்கு அடுத்தபடியாகத் தம் நினைவுக்கு வந்தவர் அவர்தாம் என்பதே அதன் சாரம். நோபல் உரைகள் நூலாக வந்தபோது அதையும் ஜெர்மேனுக்கே காணிக்கையாக்கினார். அந்தக் கடிதம் மிகச் சுருக்கமானது. எனவே நீளமாக எழுத வேண்டுமே என்று நீங்கள் தயங்க வேண்டியதில்லை.

மறுமொழி 2: ஓய்வுபெற்ற ஆசிரியை

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தபோது மனம் நெகிழ்ந்துவிட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசுப் பள்ளிகளில் அறிவியல் கற்பித்தவள் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். ஆண்டுதோறும் புதிய பிள்ளைகள் வருவார்கள், மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு போவார்கள். அதன் பிறகு அவர்களில் பெரும்பாலோர் என்ன ஆனார்கள் என்பது ஆசிரியருக்குத் தெரிவதேயில்லை. மாவட்ட அளவில் முதலிடம் பெற்றவரைப் பற்றிச் செய்தித்தாளில் படித்துவிடலாம். நடுவரிசையில் அமைதியாக உட்கார்ந்திருந்த பெண் இன்று எங்கே இருக்கிறாள், தேர்ச்சி பெறாமல் அழுதுகொண்டு போன பையன் பிறகு எப்படிப் பிழைத்தான் என்ற கவலை மட்டும் ஓய்வுபெற்ற பின்னும் போகாது.

ஆகவே, வகுப்புத் தோழர்கள் அனைவரைப் பற்றியும் விசாரித்துக்கொண்டு போங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள், உயர் பதவி வகிப்பவர்கள் மட்டுமல்லாமல், கடை வைத்திருப்பவர், படகோட்டுபவர், வயலைப் பார்த்துக்கொள்பவர் எல்லோருடைய செய்தியும் அவருக்கு வேண்டும். கடிதத்தைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். வயதானவர்களுக்கு அது பேருதவி. பொன்னாடையையும் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். ஊரார் முன்னிலையில், பேரப்பிள்ளைகள் பார்த்திருக்க நடக்கும் மரியாதைக்கு ஒரு தனி நிறைவு உண்டு. அவரை நெடுநேரம் மேடையில் உட்கார வைத்துவிட்டு, மற்றவர்கள் பேசிக்கொண்டே இருப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

மறுமொழி 3: குடந்தை வாசகர்

நன்றியை எழுதி வைத்தவர்களில் நம் மொழியில் முதலில் நினைக்க வேண்டியவர் உ.வே. சாமிநாதையர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அவர் 1871இல் மாணவராகச் சேர்ந்தார். 1876இல் பிள்ளையவர்கள் மறைந்துவிட்டார்கள். ஏறத்தாழ ஐந்து ஆண்டுப் பாடம்தான். ஆனால், ஆசிரியருடைய வரலாற்றை 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரண்டு பகுதிகளாக ஐயர் வெளியிட்டபோது அவருக்கு வயது எண்பதை நெருங்கியிருந்தது. பிள்ளையவர்கள் பாடம் சொன்ன முறையும் மாணவர்களிடம் காட்டிய பரிவும் நமக்கு இவ்வளவு விரிவாகத் தெரிவது அந்த ஒரு மாணவர் மறவாமல் எழுதியதால்தான். கும்பகோணம் கல்லூரியில் தாம் வகித்த தமிழாசிரியர் பணி 1880இல் ஐயருக்குக் கிடைக்கச் செய்தவர் தியாகராச செட்டியார். சென்னையில் தாம் வாழ்ந்த வீட்டுக்கு ஐயர் 'தியாகராஜ விலாசம்' என்றே பெயரிட்டார். உங்கள் ஆசிரியர் கணக்குச் சொல்லிக்கொடுத்த விதத்தை நீங்களும் நண்பர்களும் சேர்ந்து எழுதி, சிறு நூலாகக் கட்டி, பள்ளி நூலகத்திலும் ஒரு படி வையுங்கள். அங்கு இப்போது கற்பிக்கும் இளம் ஆசிரியர்களுக்கும் அது பயன்படும்.

மறுமொழி 4: தனுஷ்கோடி

பாடத்துக்கு வெளியே கிடைத்தவற்றையும் விட்டுவிடாதீர்கள். இராமேசுவரத்தில் தமக்குக் கற்பித்த சிவசுப்பிரமணிய ஐயரைப் பற்றி அப்துல் கலாம் பல இடங்களில் பேசியிருக்கிறார். பறவை பறக்கும் விதத்தைக் கரும்பலகையில் விளக்கியதோடு நில்லாமல், மாணவர்களைக் கடற்கரைக்கே அழைத்துச் சென்று காட்டியவர் அவர். ஆனால் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது மற்றொரு நிகழ்ச்சி. ஆசாரம் மிக்க தம் வீட்டுக்குச் சிறுவன் கலாமை உணவுக்கு அழைத்தபோது, மனைவி பரிமாறத் தயங்கவே, தாமே பரிமாறி அருகில் அமர்ந்து உண்டார். அடுத்த வாரமும் வரச் சொன்னார். அந்த முறை அவருடைய மனைவியே உணவு பரிமாறினார்.

காவிரிக்கரையான்:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. அம்மா, நீங்கள் சொன்னபடியே வகுப்புத் தோழர்களைத் தேடத் தொடங்கிவிட்டேன். ஒருவர் வேதாரண்யத்தில் உப்பளத்தில் வேலை செய்கிறார், அவரும் ஒரு பக்கம் எழுதித் தருவதாக வாக்களித்திருக்கிறார். கடிதங்களை விழா மேடையில் கொடுக்காமல், அதற்கு முந்தைய நாள் ஆசிரியரின் வீட்டுக்குச் சென்று கொடுப்பதாக இருக்கிறோம். நூலகத்துக்கான படியைத் தலைமையாசிரியரின் இசைவு பெற்ற பின் கட்டுவோம்.